இரண்டு படி சாமையும் ஒரு சரக்கு ரயிலும்

சக்கரம் சுற்றியது. ரயில் நகரவில்லை.

பலா மரத்தடி வளைவில் என் எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்று 'விர்ர்ர்' என்று கத்திக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு சரக்குப் பெட்டிகள். இரண்டிலும் விளிம்பு வரை சாமை. மேலே தன் வாசற்படியில் பொன்னாயி அக்கா இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். நாங்கள் குடியிருக்கும் வீடும் அவருடையது, ரயில் நின்ற தோட்டமும் அவருடையது. அவர் காலடியில் கறுப்புப் பைகளில் காப்பி நாற்றுகள் வரிசையாகக் காத்திருந்தன. என் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நடுவதற்காக வாங்கி வைத்தவை அவை.

“ஏனுங்க மருந்தம்மா, கத்துது சரி. ஏறுமுங்களா?”

“ஏறும்க்கா. கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்தார். எஞ்சின் இன்னும் கொஞ்சம் கத்தியது. பிறகு எஞ்சினும் இரண்டு பெட்டிகளுமாக மொத்தக் குடும்பமும் மெல்லப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. பச்சைத் துண்டைக் கொடியாகப் பிடித்து நின்ற என் கணவர், “சிக்னல் கிடைக்கலை போல” என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் துண்டு தோளுக்குப் போய்விட்டது.

“அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கறனுங்க” என்றார் அக்கா. “அதுக்கு மேல நாத்து தாங்காது.”

சென்ற வாரம் அட்டைப்பூச்சிகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'அந்த மலையில் சந்தோஷமாக ஒன்றுமே நடக்காதா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நடந்தது அம்மா. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் என் வழக்கப்படி கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

எழுபது வளைவும் ஒரு வாந்தியும்

நான் மருந்தாளுநர். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் மருந்தம்மா. என் கணவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். ஊருக்கெல்லாம் அவர் வாத்தியார். காலப்போக்கில் எனக்கும் வாத்தியார் ஆகிவிட்டார்.

பிறந்தது ஜோலார்பேட்டையில், ரயில் பாதையிலிருந்து மூன்றாவது தெருவில். எங்கள் வீட்டில் பாத்திரங்கள் ஒரு நாளைக்குப் பல முறை தாமாகவே குலுங்கும். விருந்தாளிகள் பயப்படுவார்கள். நாங்கள் பேச்சை நிறுத்தி, ரயில் போகும்வரை வாயைத் திறந்தபடி காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சண்டையாக இருந்தாலும் அப்படித்தான்.

அப்படிப்பட்டவளுக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியபோது ஆரம்பித்த வாந்தி எழுபதாவது கொண்டை ஊசி வளைவில்தான் நின்றது. அழுகை நிற்க இன்னும் சில மாதங்கள் ஆயின. மற்றவர்கள் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்பார்கள். எனக்குச் சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் மாற்றல் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் கிடைக்காது. வாத்தியாருக்கு மலை பிடித்துவிட்டது. அவர் வெளியே வருத்தப்படுவார், உள்ளே சிரிப்பார். எனக்குத் தெரியும்.

சாவி ரயிலில் தொடங்கிய வினை

முதல் குற்றவாளி வாத்தியார்தான். கீழே ஏதோ திருவிழாவுக்குப் போனவர், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு தகர ரயிலை வாங்கி வந்தார். அழுகிற பிள்ளைக்குப் பலூன் வாங்கித் தருவதைப்போல எனக்கு அது. கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சந்தைக்குக் கிளம்பியதும் சாவி கொடுத்துப் பார்த்தேன். அவர் திரும்பி வந்தபோது நான் கட்டிலுக்கடியில் படுத்து அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

அறைக்குள் சுற்றிய ரயிலைத் தோட்டத்தில் விட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. சாவி ரயில் சேற்றில் முதல் நாளே உயிரை விட்டது. அடுத்து பேட்டரி ரயில். பிளாஸ்டிக் தண்டவாளம் வெயிலுக்கு வளைந்து மழைக்கு மிதந்தது. கடையில் விற்பது எதுவும் நம் மண்ணுக்கு ஆகாது என்று புரிந்ததும், நானே செய்வதென்று இறங்கிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பதுதான் சரி.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லேத் பட்டறை. அதன் உரிமையாளரிடம் காகிதத்தில் வரைந்த சக்கரத்தைக் காட்டினேன். ஓரத்தில் உதடு வைத்த, உள்ளங்கை அகலச் சக்கரம்.

“எந்த மெஷினுக்குங்க இது?”

“ரயிலுக்கு.”

“எங்க போற ரயிலுங்க?”

“கொல்லிமலைக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பட்டறை வாசலுக்கு வந்து மலையையே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “எங்கூருக்கே இன்னும் ரயிலு வர்ல. உங்களுக்கு வந்துருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் சக்கரத்தை மட்டும் அற்புதமாகக் கடைந்து கொடுத்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அரைச் சாண் அகலத்துக்கு இரும்புப் பட்டையில் தண்டவாளம். மிளகுக் கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரத்தின் கழித்த கிளைகளை அறுத்து, கழிவு ஆயிலில் ஊறப்போட்டு, தண்டவாளத்துக்கு அடிக்கட்டைகள். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய மோட்டார் ஒன்று. பைக் பேட்டரி. தண்ணீர்க் குழாய்த் துண்டில் எஞ்சினின் உடம்பு. அதன் தலையில் புகைபோக்கியாக என் சீர்வரிசைப் பித்தளை டம்ளர், பக்கத்தில் ஒரு மணி. பின்பக்கம் ஓட்டுநர் அறை, அதற்கு பிஸ்கட் டின் மூடியில் தட்டையான கூரை.

முதன்முதலாக அது தோட்டத்தில் பத்தடி ஓடிய அன்று நான் கத்திய கத்தலில், பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் தடியை ஊன்றி நின்று நெடுநேரம் வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் ஒவ்வொரு வளைவுக்கும் மலைப்பாதையில் இருப்பதைப்போலவே மஞ்சள் பலகை எழுதி நட்டார். மொத்தம் இருந்ததே மூன்று வளைவு. '3/3' பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மலையேறிய கர்வம் வரும்.

செவலையின் பகை

இந்த ரயில்வேக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு எதிரி உண்டு. பொன்னாயி அக்காவின் செவலைக் கோழி.

தண்டவாளத்துக்கு அடியில் நான் பொடி ஜல்லியைப் பரப்புவேன். விடிந்ததும் செவலை வந்து இரண்டு காலாலும் வாரி இறைக்கும். ஜல்லிக்கு அடியில் புழு இருக்கிறதாம். பாதை கோணிக்கொள்ளும், ரயில் கவிழும். எத்தனை முறை விரட்டினாலும் போவதைப்போலப் போய், நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும். ஓடும் ரயிலுக்கும் அது பயப்படாது. பக்கத்திலேயே ஓடி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். டிக்கெட் பரிசோதகரே கூட அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க மாட்டார்.

“அக்கா, உங்க கோழியைக் கொஞ்சம் கட்டி வைங்களேன்” என்று ஒரு முறை கேட்டேன்.

“உங்க ரயிலைக் கட்டி வைக்க நா சொன்னனுங்களா?” என்றார்.

“போயிட்டு வந்தா?”

அதுவரை தண்டவாளம் கீழ்த்தட்டுச் சமநிலத்தில்தான் இருந்தது. ரயில் மலையேற வேண்டும் என்ற பேராசை எனக்கு. அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், நெல், சாமை காயப்போடும் பாறைக் களத்தில் தொடங்கி, பலா மரத்தைச் சுற்றி, அவர் வாசற்படி வரைக்கும் பாதையை ஏற்றிவிட்டேன். வாத்தியாரின் மூன்று பலகைகளும் இந்தப் புதுப் பாதையின் மூன்று வளைவுகளுக்கு இடம் மாறின. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வந்தார். பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தார்.

“இதென்னங்க, நா ஊட்ல இல்லாதப்பப் பாம்பு ஏறுனாப்புல?”

அழகாக இல்லையா என்று கேட்டேன். அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு பாதை ஓரமாகவே நடந்து கீழே வந்து, எஞ்சினுக்கு முன்னால் குந்தினார்.

“மாடுன்னா உழுவுது. கோழின்னா முட்டை வெக்கிது. இது என்னங்க பண்ணுது?”

“போயிட்டு வருதுக்கா.”

“போயிட்டு வந்தா?”

ஜோலார்பேட்டையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“எங்க மலையில சும்மா கெடக்கற நெலமுன்னு ஒண்ணு கெடையாதுங்க மருந்தம்மா. அந்த எடம் காப்பி நாத்துக்குன்னு வெச்சது” என்றவர், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “ஒண்ணு பண்ணலாம். களத்துல இருந்து ரெண்டு படி சாமைய எங்க ஊட்டு வாசலுக்குக் கொண்டாந்து சேக்கட்டும். சொமந்து சொமந்துதான முட்டி வலிக்குதுன்னு உங்ககிட்ட மாத்திரைக்கு வாரேன்? உங்க ரயிலு எனக்கு ஒரு மாத்திரை மிச்சம் பண்ணட்டுமே. ஒரு பிடி கொறையாம சேத்துச்சுன்னா தண்டவாளம் இருக்கட்டும். இல்லீன்னா நாத்து.”

நியாயமான பேச்சு. சரி என்று ஒப்புக்கொண்டேன். இந்த மலையில் நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்தத் தண்டவாளத்தின் பக்கத்தில் சிரித்தது. அதைப் பிடுங்கினால் பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகும் பஸ்ஸை எண்ணத் தொடங்கிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

முதல் ஓட்டம் எப்படி முடிந்தது என்பதைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

இறக்கு, இன்னும் இறக்கு

அடுத்த ஞாயிறுக்குள் எஞ்சினை ஏற வைக்க வேண்டும். ஊரே யோசனை சொன்னது. எல்லோருடைய யோசனையும் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும். செம்மண் ஏற்றத்தில் ஜீப் திணறினால் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “எறங்கி நடங்க” என்பார். மூட்டை இறங்கும், ஆட்கள் இறங்குவார்கள், ஜீப் ஏறிவிடும். தலைச்சுமையோடு நடந்தே மலையேறியவர்களுக்கும் அதே பாடம்தான். சுமை குறைந்தால் ஏற்றம் சுலபம். இது எங்கள் மலையில் சோறு தின்பதைப்போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

“பாரத்தை எறக்குங்க” என்றார் பஸ் நடத்துநர். “பாரமுங்க, பாரம்” என்றார் மாத்திரைக்கு வந்தவர். பொன்னாயி அக்காவே வேலியோரம் நின்று, “அந்த டம்ளரை எதுக்குங்க அது சொமக்குது?” என்று கேட்டார். எதிர்க்கட்சியே யோசனை சொல்லும்போது கேட்காமல் இருக்க முடியுமா?

டம்ளரைக் கழற்றினேன். மணியைக் கழற்றினேன். பைக் பேட்டரியை எடுத்துவிட்டுச் சின்னப் பேட்டரி வைத்தேன். அடித்தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டேன். என் எஞ்சின் டைபாயிடு வந்து எழுந்தவன் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை இளைக்க வைத்த பிறகும் சக்கரம் இன்னும் உற்சாகமாகச் சுற்றியது. ரயில் முன்பு நின்ற இடத்துக்கும் கீழேயே நின்றது.

“இன்னும் கொஞ்சம் எறக்கணும்போல” என்றார் வாத்தியார்.

“இனிமே எறக்கறதுக்கு என் மானம்தான் பாக்கி” என்றேன்.

சனிக்கிழமை மாலை நானே போய் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தோற்றுவிட்டேன் என்று மனம் முடிவு செய்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததையும் மறைக்கவில்லை. அக்கா பார்த்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து கிண்ணம் நிறையப் பலாக்கொட்டைக் குழம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் பனி மூட்டம். மிளகுக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா தன் இரும்புப் படியால் களத்தில் சாமையை அளந்தார். ஒன்று, இரண்டு. மட்டமாக வழித்து, பெட்டிக்கு ஒரு படியாகக் கொட்டிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு ஏறிப்போய் நின்றார். அக்கம் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. களத்திலிருந்து பொன்னாயி அக்கா வாசல் வரை செல்லும் சரக்கு ரயில் இன்னும் சற்று நேரத்தில்...”

“விடுங்க போகட்டும்” என்றேன். பச்சைத் துண்டு ஆடியது.

ரயில் கிளம்பியது. சமதளத்தில் ஓடியது. பலா மரத்தடிக்கு வந்தது. '2/3' பலகைக்குப் பக்கத்தில் நின்றது. விர்ர்ர்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் குனிந்து எஞ்சினை நிறுத்தப் போனேன்.

அப்போதுதான் செவலை வந்தது. வேலிக்கடியில் நுழைந்து நேராகத் தண்டவாளத்துக்கு வந்து, கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தது. மலை மாதிரிச் சாமை. ஒரு பறப்புப் பறந்து எஞ்சினின் பிஸ்கட் டின் கூரையில் உட்கார்ந்துகொண்டது. முதல் பெட்டி அதற்குச் சரியாக வாய்க்கு எட்டும் தூரத்தில்.

“சூ!” என்று கையை ஓங்கினேன்.

“விடு! விடு!” என்று கத்தினார் வாத்தியார். “ஏறுது!”

ஏறியது. கத்தல் நின்று, 'கர்ர், கர்ர்' என்று சக்கரம் தண்டவாளத்தைக் கடித்துப் பிடிக்கும் சத்தம். எறும்பு ஊர்வதைப்போல ஊர்ந்து, '2/3' பலகையைத் தாண்டியது. கனத்த கோழி அது. அந்தக் கனம் எஞ்சினை அமுக்கிப் பிடித்துக்கொண்டதும் சக்கரத்துக்கு வழுக்கல் போய்விட்டது. ஒரு வாரமாக நான் கழற்றிக் கழற்றி எறிந்ததெல்லாம் இதைத்தான்! ஜீப் வேறு, ரயில் வேறு. ஜோலார்பேட்டையில் பிறந்தவளுக்கு இதை ஒரு கோழி ஏறி உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் கோழி சும்மா உட்காரவில்லை. கொத்தியது. ஏற்றம் முழுக்கக் கொத்திக்கொண்டே வந்தது. விரட்டினால் ரயில் நிற்கும். விட்டால் சாமை குறையும். நான் பக்கத்திலேயே குனிந்து நடந்தபடி, “போதும் தாயே, போதும் தாயே” என்று கெஞ்சினேன். எதிரியைக் கும்பிட்டுக்கொண்டு மலையேறியது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

'3/3'. வாசற்படி. ரயில் நின்றது. கை தட்டல் கேட்டது, யாரோ விசில் அடித்தார்கள். செவலை இறங்கவில்லை.

அக்கா படியை எடுத்துவந்து அளந்தார். பின் பெட்டிச் சாமை ஒரு படி, வழித்து மட்டம். முன் பெட்டிச் சாமையைக் கொட்டினார். படியின் விளிம்புக்குக் கீழே இரும்பு தெரிந்தது. ஒரு பிடி குறைந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு பிடி குறையக் கூடாது என்பது பேச்சு. நான் நாற்றுகளைப் பார்த்தேன்.

அக்கா படியைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். அதைக் கூரையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, கழுத்துக்குக் கீழே இரைப்பையை விரலால் அமுக்கிப் பார்த்தார். பந்து போலப் புடைத்திருந்தது.

“கொறஞ்சது இங்க இருக்குதுங்க” என்றார். “கோழியும் ஊடு வந்து சேந்துருச்சு. கணக்கு சரியாப் போச்சு.”

வாத்தியார் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். நடுவில் நசுங்கிய செவலை மட்டும் ஆட்சேபித்தது.

“இருங்க, இருங்க” என்று சிரித்துக்கொண்டே விலக்கினார் அக்கா. “தை மாசத்துல மெளகு ஏத்திக்கலாமுங்க. அதைக் கோழி திங்காது.”

மறுநாளே டம்ளரும் மணியும் பைக் பேட்டரியும் எஞ்சினுக்குத் திரும்பிவிட்டன. குழாய் உடம்புக்குள் மணலைக் கொட்டி அடைத்தேன். எவ்வளவு மணல் என்ற கேள்விக்கு, தராசில் ஒரு தட்டில் செவலையை வைத்துத்தான் விடை கண்டுபிடித்தோம். அதற்குப் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். காப்பி நாற்றுகள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இறங்கின. இப்போது என் ரயில் தோட்டத்துக்கு நடுவில் ஓடுகிறது.

சில வாரம் கழித்து ஒரு மாலையில், வாத்தியார் வேறெங்கோ பார்த்தபடி கேட்டார். “இந்த வருஷ மாற்றலுக்கு எழுதிக் குடுக்கணுமே. கடைசித் தேதி வருதே, எழுதலையா?”

நான் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

“எழுதிட்டுப் போயிட்டா மிளகை யார் ஏத்துறது?” என்றேன்.